கறுப்பு டெனிமும் நீளக்கைச் சட்டையும்

மூன்று வருசத்துக்கு முந்தின ஆவணி மாதம், விசுவமடுவில், எங்கள் வயலுக்குப் போகிற வாய்க்கால் கரைக் கட்டில் நடந்தது இது. மனைவியைத் தவிர ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்குக் கதை வராது. எழுதினால் ஒருவரின் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை இருபது வருசமாக வெளிநாட்டில் இருக்கிறாள். வருசத்தில் பாதி பனி கொட்டுகிற நாடு. அங்கே கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக ஊருக்கு வரப் போவதாகச் சொன்னாள். மகளுக்கு, எனக்கு மருமகள் முறை, அப்போது பதினைந்து வயது. அவளை நான் போனில் மட்டும்தான் பார்த்திருந்தேன். "மாமா, சுகமா?" என்று கேட்பாள். நான் "ஓம் பிள்ளை" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கதை ஓடாது.

வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது தங்கை போன் எடுத்தாள். ஊரில் வெயில் எப்படி, பிள்ளைக்கு என்ன மாதிரி உடுப்பு வாங்குவது என்று கேட்டாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். வெயில் கொளுத்துது, காற்று விழுந்தால் புழுங்கி உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், மெல்லிய பருத்தி உடுப்பாகக் கொண்டுவாங்கோ என்று மனைவி சொன்னாள். அது சரியான பதில். அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் போனுக்குப் படங்கள் வந்தன. கட்டிலில் வரிசையாக விரித்து வைத்த உடுப்புகள். கை இல்லாத வெள்ளைச் சட்டை, முழங்காலோடு நிற்கிற பூப்போட்ட கவுன், அரைக் காற்சட்டைகள் இரண்டு மூன்று. மருமகள் தானே கடை கடையாக ஏறித் தெரிவு செய்தவையாம். எது நல்லது என்று மாமாவிடமும் மாமியிடமும் கேட்கச் சொன்னாளாம்.

அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு முதல் வருசம் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. கோயில் திருவிழாவில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை போட்டிருந்த உடுப்பைப் பற்றிக் கடை வாசலில் ஆட்கள் கதைத்த கதையை நான் காதால் கேட்டவன். எழுத முடியாத கதை. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்தேன். நாளைக்கு இதே வாய்கள் என் தங்கையின் பிள்ளையைக் கதைத்தால் நான் என்ன செய்வேன் என்பதுதான் படங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த யோசனை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு இருந்தபடி, மருமகளின் உடுப்புப் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

கடைசியில் இருந்த படத்தில் கறுப்பு டெனிம் காற்சட்டைகள் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் கழுத்து வரை மூடின, தடித்த துணியில் நீளக்கைச் சட்டைகள். அவை அவள் அங்கே குளிருக்குப் போடுகிறவை, பிளேனுக்குள் போடுவதற்காக எடுத்து வைத்தவை. அந்த மாதிரியே எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். போனில் எழுதிப் பதில் போட எனக்குக் கை ஓடாது, குரலில்தான் அனுப்பினேன். மனைவி பக்கத்தில் நின்று, "அதுகள் குளிர் நாட்டில வளர்ந்த பிள்ளையள். இதைப் போட்டா அவிஞ்சு போகுங்கள்" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு என்று சொன்னேன். நான் மனைவியோடு அப்படிக் கதைக்கிறவன் இல்லை.

வந்தார்கள். மருமகள் நான் சொன்னபடியே உடுத்தாள். நான்கு நாளில் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டது. மனைவி பின்னேரங்களில் கிணற்றடியில் வைத்து அவளுடைய முதுகுக்குப் பவுடர் போட்டுவிடுவாள். எனக்கு அது தெரியும். தெரியாதவன் போல மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விடுவேன்.

பன்னிரண்டாம் நாள் தாத்தா வெட்டித் திருத்தின காணியைப் பார்க்க வேண்டும் என்று மருமகள் கேட்டாள். தங்கைக்கு அன்று தலையிடி, என்னோடு போய்வரச் சொன்னாள். நான் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போது பிள்ளை அந்தப் பூப்போட்ட கவுனோடும் ஒரு தொப்பியோடும் வந்து நின்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, குசினி வாசலில் நின்ற தங்கையிடம் சொன்னேன்.

"வாய்க்கால் கட்டால போகேக்க சனம் நிக்கும். பாத்திட்டுக் கதைப்பினம்."

தங்கையிடம் சொன்ன சொல் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் சுழிக்கவில்லை. உள்ளே போய்க் கறுப்பு டெனிமும் கருநீல நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

மாதம் முழுக்க அடித்த காற்று அன்றைக்குப் பார்த்து விழுந்துவிட்டது. ஒரு இலை அசையவில்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரே ஆவி பறக்கிற மாதிரி இருந்தது. கட்டு மணல் என்பதால் மோட்டார் சைக்கிளைக் குளத்தடியில் விட்டுவிட்டு நடந்தோம். போகும்போது பிள்ளை அது என்ன மரம், இது என்ன பறவை என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டபடி வந்தாள். வயலைப் பார்த்தாள், படம் எடுத்தாள். கொண்டுபோன சின்னப் போத்தல் தண்ணீர் அங்கேயே முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது அவள் கதைப்பதை நிறுத்தினாள். காலையில் நான் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தாலும் நான் வாயை மூடிக்கொள்கிறவன்தான், அதனால் கேட்காமல் முன்னால் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் ஒழுங்கில்லாமல் கேட்டது. திரும்பினேன். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அந்த நாட்டுப் பாஷையில் என்னவோ சொன்னாள். "என்ன பிள்ளை?" என்று கேட்டேன். என்னை யாரென்று தெரியாத மாதிரிப் பார்த்தாள். அப்படியே முழங்கால் மடிந்து விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடி ஒரு மருத மரத்துக்குக் கீழே கிடத்தினேன். நெற்றி வெயிலில் கிடந்த தகரம் மாதிரிச் சுட்டது. வாய்க்காலில் கை நிறைய அள்ளி முகத்தில் அடித்தேன். கண் திறக்கவில்லை. வெயில் விழுத்தின ஆட்களை நான் வயலில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். உடுப்பைத் தளர்த்த வேண்டும், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சட்டையின் கழுத்து அவளுடைய தொண்டையை இறுக்கிக்கொண்டிருந்தது. என் கை அங்கே போகவில்லை. வயதுக்கு வந்த பிள்ளை, வெட்டவெளி, நான் ஒரு ஆம்பிளை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரத்திலும் கட்டின் இரண்டு பக்கத்தையும் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிசமும் இருக்கலாம், ஐந்து நிமிசமும் இருக்கலாம். இன்றைக்கும் நான் எண்ணிப் பார்க்கப் பயப்படுவது அந்த நேரத்தைத்தான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் இரண்டு பெண்கள் பழம் ஆய்ந்துகொண்டு நின்றார்கள். கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முதல் வந்ததில்லை. மூத்தவா பாவாடையோடு தண்ணீருக்குள் இறங்கிக் கடந்து வந்தா. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியிருக்கிற குடும்பத்து ஆள். வருசக்கணக்காக அந்தப் பாதையில் கண்டிருக்கிறேன், ஒரு நாளும் கதைத்ததில்லை. கூலி வேலைக்கு வருகிறவர்களை எங்கள் ஆட்கள் 'நீ' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான்.

பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கழுத்தத் தளத்தி விடலயா?"

"பொம்பிளைப் பிள்ளை..." என்று இழுத்தேன்.

"புள்ள சாகக் கெடக்குது, ஒங்களுக்கு வெக்கம் கேக்குதா? அங்குட்டுத் திரும்பி நின்னு தண்ணிய அள்ளிக் குடுங்க."

பின்னால் வந்த இளம்பெண், "இந்த வெயிலுக்குக் கம்பளி போத்தில்ல கூட்டியாந்திருக்காரு" என்றது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்தது.

திரும்பி நின்று, அவர்களுடைய வாளியில் அள்ளி அள்ளிப் பின்னால் நீட்டினேன். சட்டையைத் தோட்டத்துக் கத்தியால் கிழிக்கிற சத்தம் கேட்டது. நனைந்த டெனிமை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக் கழற்ற முடியாமல் அதையும் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் வெயிலுக்கு ஆம்பிளைகளின் பழைய நீளக்கைச் சேட்டு ஒன்றை மேலே போட்டுக்கொள்வார்கள். துவைத்துத் துவைத்து நூலாய்ப் போன பருத்திச் சேட்டு, தொளதொளவென்று காற்று உள்ளே போய்வரும். அவா தன்னுடையதைக் கழற்றித் தண்ணீரில் தோய்த்துப் பிள்ளையின் மேல் போர்த்தினா. பிறகு என்னைத் திரும்பச் சொன்னா.

அவா வெறும் பிளவுசோடும் நனைந்த பாவாடையோடும் முன்னால் நின்றா. அது அவாவின் நினைப்பிலேயே இல்லை. பிள்ளையின் தலையை மடியில் வைத்துத் தொப்பியால் விசிறிக்கொண்டு, "கண்ணத் தொற தாயி, கண்ணத் தொற" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. இளம்பெண் போனில் ஓட்டோவைக் கூப்பிட்டது. குளத்தடி வரை பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவா பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தா. பாதி வழியில் பிள்ளை முனகினாள். நான் அழுதுவிட்டேன். "நீங்கள் இல்லாட்டி..." என்று தொடங்கினேன். நடங்க, நடங்க என்றா.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருவர் பார்த்தா. ஊசி, சேலைன், ஐஸ் எல்லாம் வைத்தார்கள். தங்கையும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். தப்பிவிடுவாள், இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொன்னா. பிள்ளையோடு கிழிந்தபடி ஒட்டிக்கொண்டு வந்த தடித்த துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த வெயில் காலத்தில் இதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டது யார் என்று கேட்டா.

தங்கை வாய் திறக்கவில்லை. மனைவியும் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. நான் பேசாமல் நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

"நான்தான்" என்றேன். "நான்தான் போடச் சொன்னனான்."

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்துப் பிள்ளைக்கு மாற்றுடுப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னாள். அறைக்குள் போய் அவளுடைய சூட்கேசைத் திறந்தேன். மேலே நான் சொன்ன உடுப்புகள். அடியில், நான் படத்தில் பார்த்த மெல்லிய உடுப்புகள் எல்லாம் ஒழுங்காக மடித்தபடி இருந்தன. பலதில் விலை போட்ட கடை மட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மாமா எப்போதாவது ஓம் என்று சொல்வார் என்று கொண்டுவந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்தேன், வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் சூட்கேசை அப்படியே பூட்டி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த சனம், ஐயா எந்த நாட்டுக்குப் போறார் என்று கேட்டுச் சிரித்தது. பிள்ளையும் படுத்தபடி சிரித்தாள். கட்டிலடியில் வைத்துத் திறந்துவிட்டேன்.

"எதைப் போட மாமா?" என்று கேட்டாள். பயந்துதான் கேட்டாள்.

"உனக்கு எது நல்லாயிருக்கோ அதைப் போடு பிள்ளை. எனக்குத் தெரியாது" என்றேன். வேறு என்னவோ எல்லாம் சொல்ல நினைத்துக்கொண்டு போனேன், இவ்வளவுதான் வந்தது. அவள் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள்.

தங்கையும் பிள்ளையும் திரும்பிப் போக முதல், மிளகாய்த் தோட்டத்து அந்த அம்மாவின் வீட்டுக்கு எல்லோருமாகப் போனோம். மனைவி துவைத்து மடித்துக் கொடுத்த சேட்டைப் பார்த்து, "மொளகா ஆயிற சட்டைக்கு அயன் வேற பண்ணியாந்தீங்களா" என்று கேலி பண்ணினா. தேத்தண்ணி தந்தா. குடித்தோம். பிள்ளையின் கன்னத்தைத் தடவி, எழும்பி நடக்கிறாளே, அது போதும் என்றா.

மருமகள் இப்போது பெரிய படிப்புப் படிக்கிறாள். அடுத்த கோடைக்கும் வருவதாகச் சொல்கிறாள். என்ன உடுப்புக் கொண்டு வருவது என்று அவள் என்னிடம் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் அந்த மருத மரத்தைக் கடந்து வயலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நினைப்பு என்னை நிறுத்துகிறது. கதைப்பார்கள் என்று நான் பயந்த சனத்தில் ஒருவரும் அன்றைக்கு அந்த வாய்க்கால் கட்டில் இருக்கவில்லை. வெயிலும், சாகக் கிடந்த பிள்ளையும், அவளைத் தொடப் பயந்து நின்ற நானும்தான் இருந்தோம்.