கிருஷ்ணாயில் வாங்கப் போன கரடி

ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். முடித்த கையோடு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் கூரையைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிற பிள்ளைகள். குழாயடிச் சண்டையில் ஒரு வேற்றுமை உருபுகூடப் பிசகாது. பேனாவை எடுத்தால் மட்டும் ஊமையாகிவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஜீவனஹள்ளி பக்கம் ஒரு சின்னப் பள்ளியில், தமிழ்ப் பிரிவுக்கு நான்தான் டீச்சர். நிரந்தர வேலை இல்லை. வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன் ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரப்போவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் தமிழ்ப் பிரிவு இருக்குமா, கன்னடப் பிரிவோடு சேர்க்கப்படுமா என்று முடிவாகும். சேர்த்துவிட்டால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு ஓர் ஆட்டோ டிரைவர் தன் மகளைக் கன்னடத்துக்கு மாற்றப்போவதாக என்னிடமே வந்து சொன்னார். அவர் பேச்சு தமிழ், படித்தது கன்னடம். மகள் என்ன எழுதுகிறாள் என்றே தனக்குத் தெரியவில்லை, நான் சிவப்பு மையில் என்ன திட்டியிருக்கிறேன் என்றும் தெரியவில்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது. அவர் மாற்றினால் அந்தத் தெருவே மாற்றிவிடும்.

அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் படப் புத்தகங்கள் தேடினேன். தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. கன்னடத்தில் கொள்ளையாகக் கிடந்தன. சரி, படத்துக்கு மொழி ஏது என்று ஒரு கட்டு வாங்கிவந்து, மைதாப் பசை காய்ச்சி, கன்னட எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் துண்டுகளை ஒட்டினேன். கதை போய்விட்டது, படம் மட்டும் மிஞ்சியது. யார், யாரை, எதால், எங்கே என்று நான் கேட்கக் கேட்க, பிள்ளைகள் சொல்லி, முறைவைத்து அந்தத் துண்டுகளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கரடிப் புத்தகம். கரடி கையில் ஒரு பானை. பிள்ளைகள் அதைக் கிருஷ்ணாயில் டின் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ரேஷன் கடைக்குக் கரடி போனது, க்யூவில் நின்றது, நரியைத் திட்டியது. நான் உருபு என்ற சொல்லையே எடுக்கவில்லை. எல்லா உருபுகளும் தாமாக வந்து உட்கார்ந்தன. கடைசிப் பக்கத்தில் டிரைவரின் மகள் எழுதினாள்: “கிருஷ்ணாயில் தீர்ந்துவிட்டது. கரடி நாளைக்கும் வரும்.”

சனிக்கிழமை மதியம் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கரடி அந்த வாரம் டிரைவர் வீட்டுக்குப் போனது. திங்கட்கிழமைதான் தலைமையாசிரியை வருவதாக இருந்தார்.

திங்கள் காலை மகளோடு டிரைவரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “யாரோ பேப்பர ஒட்டி புக்க பாழு பண்ணி வச்சிருந்தாங்க மிஸ். ஈரத்துணி வச்சு மெதுவா எடுத்துட்டேன். இப்ப பாருங்க, சக்கத்தா, புதுசு மாதிரி இருக்குது.”

வழவழவென்று கன்னடம் மின்னியது. பிள்ளைகளின் ஒரு வாக்கியம்கூட இல்லை. மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பயந்தாலும் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். புத்தகத்தை டிரைவர் கையிலேயே திணித்தேன். “நீங்கதானே எடுத்தீங்க. நீங்களே படிங்க.”

அவர் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கன்னடத்தில் சத்தமாகப் படித்தார். கரடி காட்டில் தேன் எடுக்கப் போனதாம். வகுப்பே கொதித்து எழுந்தது. தேனா? ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு, கரடி எந்தக் கடைக்குப் போனது, யாருக்குப் பின்னால் நின்றது, நரியிடம் என்ன சொன்னது என்று தமிழில் முழு முழு வாக்கியமாக அடுக்கினார்கள். அவர் அடுத்த பக்கம் படித்தார். பிள்ளைகள் அதையும் மறுத்தார்கள். நான் ஓர் ஓரமாக நின்றேன். எனக்கு அங்கே வேலையே இல்லை.

மங்களூர்க்காரரானாலும் தலைமையாசிரியைக்கு இரண்டு மொழியும் புரியும். இதே கரடி நேற்றுப் போயிருந்தால், நாளைக்குப் போனால் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பிள்ளைகள் அசரவில்லை. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழ்ப் பிரிவு இருக்கட்டும் என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, மகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அவர் மகளைப் பார்த்தார். “புக்குல இருக்கிறத விட இவ சொல்றதுதான் மேடம் நல்லா இருக்குது. இங்கயே இருக்கட்டும்.”

எடுத்த துண்டுகளையும் செய்தித்தாளில் வைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். குப்பை என்று நினைத்தும் ஏன் எறியவில்லை என்று கேட்டேன். நடுவில் ஒரு துண்டில் மகள் கையெழுத்து மாதிரி தெரிந்ததாம். அன்று மாலை மறுபடியும் பசை காய்ச்சினேன். ஒட்டிக்கொண்டே வந்தால் கடைசிப் பக்கத்துக்குத் துண்டு இல்லை. மறுநாள் அவர் மகளைக் கேட்டேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, தெரியாது மிஸ் என்றாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் நல்ல மழை. காக்ஸ் டவுனில் நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து அவர் ஆட்டோவை நிறுத்தினார். உள்ளே முன்கண்ணாடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் துண்டை டேப் போட்டு ஒட்டியிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அதன்மேல் விரல் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் படித்தார்.

“கரடி… நாளைக்கும்… வரும்.”

தமிழில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். மகள் சொல்லிக் கொடுத்தாளாம். அந்தத் துண்டைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை.