வண்டி ஸ்டாண்டில் கேட்ட விமர்சனம்

1. சமையல்காரர் சாம்பாரைக் குறை சொல்லக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியிடம் திட்டு வாங்கினேன். மெஷினில் எதையும் கெடுக்கவில்லை. படம் எப்படி என்று சொன்னேன், அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கம் இரண்டு திரை உள்ள ஒரு தியேட்டர். பெயர் வேண்டாம். திருச்செங்கோட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அங்கே புரொஜெக்‌ஷன் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். காலைக் காட்சி முடிந்து பூத்திலிருந்து இறங்கி வந்தபோது, கேன்டீன் நடத்தும் ராசு அண்ணன் டீயை நீட்டிக்கொண்டே, "படம் எப்புடி அம்மிணி?" என்றார்.

"செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவைங்கண்ணா" என்றேன்.

முதலாளி என் பின்னால்தான் நின்றிருந்தார்.

"ஏம்மிணி, கல்யாண ஊட்டுல சமையக்காரரே வாசல்ல நின்னுக்கிட்டு, சாம்பாரு சுமாருதானுங்கன்னு சொன்னா, பந்தியில எவன் உக்காருவான்?"

"அண்ணன் கேட்டாருங்க. சொன்னேனுங்க."

"கேப்பாங்க. ரோட்டுல போறவன் கேப்பான், பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் கேப்பான். சிரிச்சுட்டு வந்துரோணும். படம் ஓட்டறவங்க படத்தப் பத்திப் பேசக் கூடாது."

அவரும் பேச மாட்டார். யூட்யூப் விமர்சனங்களையும் பார்க்க மாட்டார். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. காட்சி முடிந்ததும் வண்டி ஸ்டாண்டுக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வெளியே வந்தவர்கள் உடனே வண்டியைக் கிளப்பினால் படம் தேறாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசினால் ஓடும். பாராட்டித்தான் பேச வேண்டும் என்பதில்லை. திட்டினாலும் சரி, நின்று திட்ட வேண்டும். மறுநாள் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்பது அந்த ஸ்டாண்டில்தான் முடிவாகும்.

நானும் ஸ்டாண்டுக்குப் போகத் தொடங்கினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் பிளேலிஸ்டைப் போட்டுவிட்டால் மற்றதைச் சர்வர் பார்த்துக்கொள்கிறது. பூத்தில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. கேபிளைத் தொட்டுப் பார்ப்பேன், டெம்பரேச்சர் பார்ப்பேன், மறுபடியும் கேபிளைத் தொட்டுப் பார்ப்பேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே கால்கள் படியிறங்கிவிடும்.

ஸ்டாண்டில் காதில் விழுவதை மனதுக்குள் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வேன். படத்தின் மேல் வரும் குறை. சீட், ஏசி, பாத்ரூம் மேல் வரும் குறை. மூன்றாவது, என் மெஷின் மேல் வரும் குறை. மூன்றாவது வகை தனியாக வராது, முதல் வகைக்குள் ஒளிந்துகொண்டு வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

2. "ஒரே இருட்டாப் படம் எடுத்துருக்கான்"

தெரியவைத்தது ஒரு பேய்ப் படம். வெளியே வந்த எல்லோரும் "இருட்டு, இருட்டு" என்றார்கள். பேய்ப் படம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒரு குடும்பப் படம். அதற்கும் ஒருவர், "கல்யாண சீனக்கூட இருட்டுல எடுத்துருக்கானப்பா, கரண்ட் பில்லுக்குப் பயந்துட்டானாட்ட இருக்குது" என்றார். எனக்கு உறுத்தியது. அதற்கடுத்து பகலிலேயே நடக்கும் ஒரு கிராமத்துப் படம். அதுவும் இருட்டு.

முதலாளியிடம் போய், லேம்ப் மாற்ற வேண்டும் என்றேன்.

"லேம்ப் எரியுதுல்ல?"

"எரியுதுங்க. ஆயுசு முடிஞ்சு எரியுதுங்க."

"டைரக்டர் அப்புடி எடுத்துருக்கான், அம்மிணி."

"மூணு டைரக்டரும் பேசி வெச்சுக்கிட்டு எடுத்தாங்களாங்க?"

அன்றே புது லேம்ப் வரவழைத்தார். மாற்றிக்கொடுத்தார். அதே கிராமத்துப் படத்தை மறுநாள் பார்த்துவிட்டு வந்த ஒருவர், "கதை கெடக்குது, கேமராமேன் பின்னிட்டாப்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தக் கேமராமேனுக்கு என்னைத் தெரியாது. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அதன்பின் யார் படத்தைத் திட்டினாலும் எனக்கு நிம்மதி போய்விட்டது. திட்டு படத்துக்கா, எனக்கா என்ற கேள்வி கூடவே வந்தது.

3. வெளங்கல

டைரக்டர் குமரேசனின் ஊர் பக்கத்திலிருக்கும் எருமப்பட்டி. அவருக்கு இது முதல் படம். பெரிய நடிகர் யாருமில்லை. வீட்டைவிட்டுப் போன மகளைத் தேடும் ஒரு லாரி டிரைவரின் கதை. சத்தமில்லாத படம்; பேச்சிலேயே நகரும். எங்கள் பக்கம் எங்கள் தியேட்டரில் மட்டும்தான் ஓடியது, முதல் திரையில்.

அந்தத் திரையில் அதற்கு முன் ஒரு பெரிய நடிகரின் படம் ஓடியிருந்தது. முதல் நாள் ரசிகர்கள் "சவுண்டு பத்தல, சவுண்டு பத்தல" என்று சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். முதலாளி பூத்துக்குப் போன் போட்டு, "ஏத்து அம்மிணி, சீட்டக் கிழிச்சுருவானுங்க" என்றார். வால்யூமை ஏற்றினோம். படம் ஓடிய வாரம் முழுக்க அது இறங்கவில்லை.

குமரேசன் ஒவ்வொரு காட்சி முடியும்போதும் ஸ்டாண்டில் வந்து நிற்பார். தான்தான் டைரக்டர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். தன் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பார். எனக்கும் அவருக்கும் அங்கே ஒரே வேலை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"என்னமோ பேசிக்கறாங்க, ஒண்ணும் வெளங்கல."

"அவார்டுப் படமாட்ட இருக்குது. நமக்கெதுக்கு?"

அவ்வளவுதான். உதை, கிளம்பு. காட்சி விட்ட கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டு காலியாகிவிடும். முதலாளி கைகளைப் பின்னாலிருந்து எடுத்துவிட்டு நடந்துவிடுவார்.

ஞாயிறு காலைக் காட்சி முடிந்ததும் குமரேசனைக் கூப்பிட்டார். நானும் ராசு அண்ணனும் கேன்டீனில் நின்றிருந்தோம்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளையிலிருந்து ரெண்டாவது திரையில ஓடற படத்தையே இதுலயும் போட்டுக்கறேன்."

"இன்னைக்குப் பொழுதோட, சாயங்கால ஆட்டத்துக்கு எங்கூர்ல இருந்து வேன்ல வாராங்கண்ணா. அதப் பாத்துட்டுச் சொல்லுங்."

"சொந்தக்காரங்க வந்தா நின்னுதான் பேசுவாங்க. அது கணக்குல சேராது."

குமரேசன் டீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. இந்தப் படம் இங்கிருந்து இறங்கினால், வேறு எங்கேயும் ஏறாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது ஸ்டாண்டிலிருந்து ஒரு பெண்மணி கணவரிடம் சொல்வது கேட்டது. "அந்தப் புள்ள எதுக்கு ஊட்ட உட்டுப் போச்சுன்னே கடைசி வரைக்கும் சொல்லலீங்களே."

"அதச் சொல்லிருந்தா நானும் தூங்காம இருந்துருப்பேன்."

எனக்குச் சுரீர் என்றது. படத்தில் அந்த மகள் ஏன் போனாள் என்பதை, இடைவேளைக்கு முன்னால், அடுப்படியில் நின்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்கிறாள். நான் பூத்தில் நின்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டேன். எனக்கு அந்த வசனமே மனப்பாடம். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்த அந்தப் பெண்மணிக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

4. திரைக்குப் பின்னால்

மதியக் காட்சி தொடங்கியதும் பூத்தை விட்டு இறங்கி, ஹாலில் நடு வரிசையில் போய் உட்கார்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து நான் டிக்கெட்காரர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஒரு முழு வசனம் கேட்டதில்லை. பூத்தில் வேலை செய்பவர்களில் பலரும் அப்படித்தான். பூத்துக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதில் சத்தம் வந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். எங்கள் தியேட்டரில் அந்த ஸ்பீக்கருக்கு வரும் சத்தம், திரைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போவதற்கு முன்பே பிரிந்து வந்துவிடும். பின்னால் இருப்பது செத்துக் கிடந்தாலும் பூத்தில் கணீரென்று கேட்கும்.

ஹாலில் அந்த அடுப்படிக் காட்சி வந்தது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. குரல் வருகிறது, சொல் வரவில்லை.

எழுந்து பக்கத்துக் கதவு வழியாகத் திரைக்குப் பின்னால் போனேன். வரிசையாக மூன்று ஸ்பீக்கர்கள். பாட்டும் சண்டையும் எல்லாவற்றிலும் பிரிந்து வரும். பேச்சு நடுவிலிருப்பதில் மட்டும்தான் வரும். ஏணியில் ஏறி, நடு ஸ்பீக்கரின் மேலே புனல்போல இருக்கும் ஹாரனில் காதை வைத்தேன். சொற்களைத் தெளிவாக்கும் மேல் சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். அதில் மூச்சே இல்லை. பெரிய படத்துக்கு ஏற்றிய வால்யூமில் உள்ளே இருந்த டிரைவர், அதாவது சத்தத்தை எழுப்பும் பாகம், எரிந்துவிட்டிருந்தது. அந்தப் படத்தின் விசிலில் யாருக்கும் தெரியவில்லை. பேச்சை நம்பி எடுத்த படம் வந்தபோது ஊமையாகிவிட்டது.

கேன்டீனில் நின்றிருந்த முதலாளியிடம் ஓடினேன். சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம ஸ்பேருக்கு எங்க போறது? சேலத்துலயும் கடை இருக்காது."

"வலது பக்க ஸ்பீக்கர்ல இருக்கறத எடுத்து நடுவுல மாட்டிரலாங்க. ரெண்டும் ஒரே மாடல்தான்."

"அப்ப பாட்டு ஒரு பக்கம் மொக்கையாப் போயிராதா?"

"போகுங்க. இந்தப் படத்துல பாட்டே ரெண்டுதான்."

"சரியாகலீன்னா?"

"நாளைக்கு எப்படியும் படத்தத் தூக்கத்தான் போறீங்க. ஒரு ஆட்டம் ஒழுங்கா ஓட்டிட்டுத் தூக்குங்க."

அவர் ராசு அண்ணனைப் பார்த்தார். ராசு அண்ணன் போண்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏணிய நான் புடிக்கறன், வா அம்மிணி" என்றார்.

மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் இடையில் செய்து முடிக்க வேண்டும். வெளியே எருமப்பட்டி வேன்கள் வந்துவிட்டன. பேச்சுச் சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் காற்றில்லை. போல்ட் ஒன்று துருவேறி வர மறுத்தது. "அட கெரகமே, இதப் போயி எவன் இத்தன இறுக்குனது?" என்று ராசு அண்ணன் கீழிருந்து கத்தினார். எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி திருகினேன். கழன்றது. மாற்றி மாட்டி, ஒயர் பிளஸ் மைனஸ் சரிபார்த்து, பூத்துக்கு ஓடி டெஸ்ட் சத்தம் போட்டுவிட்டு, மறுபடி ஹாலுக்கு ஓடி வந்து கேட்டேன். நடுவிலிருந்து சீராக வந்தது. அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

5. நின்று திட்டியவர்கள்

அன்று மாலைக் காட்சி முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடைசி வரிசையில் கொஞ்ச நேரம், படியில் கொஞ்ச நேரம், பூத்தில் கொஞ்ச நேரம். அடுப்படிக் காட்சியில் ஹால் அமைதியானது. முன்வரிசையில் யாரோ ஒருவர் "த்சு" கொட்டினார். அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

படம் விட்டது. முதலாளி எருமப்பட்டி வேன்கள் நின்ற பக்கமே போகவில்லை. மற்றவர்களின் வண்டிகள் நின்ற இடத்தில் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குமரேசன் ஸ்பார்க் பிளக்குக்குக் குனிந்தார்.

"அந்தப் புள்ள சொன்னதுல என்னங்க தப்பு? அப்பன் பண்ணுனதுதான் தப்பு."

"அப்பன் என்னத்தப் பண்ணிட்டான்? ராவும் பகலும் வண்டி ஓட்டுறான். ஊட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கென்ன அந்தப் புள்ளைக்கு?"

"சொன்னா உட்ருவீங்களாக்கும்?"

"அதெல்லாம் இருக்கட்டும், கிளைமாக்ஸ்ல அப்பன் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசறானே, யாரப்பா அத எழுதுனது? கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன் அவன்கிட்ட."

சாவிகள் கையிலேயே இருந்தன. யாரும் உதைக்கவில்லை. வாட்ச்மேன் வந்து, "சாமி, அடுத்த ஆட்டத்துக்கு வண்டி நிக்கோணும், எடுங்க சாமி" என்று விரட்ட வேண்டியிருந்தது.

முதலாளி திரும்பி வந்தார். குமரேசனிடம், "காலையாட்டம் மட்டும் வியாழக்கிழம வரைக்கும் வெச்சுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். என்னிடம், "நாளைக்கு அந்த ஸ்பேரச் சொல்லிரு" என்றார்.

குமரேசன் முகத்தைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசி வசனத்தைப் பற்றிச் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க, எல்லாரும் அப்படிச் சொல்லல" என்றேன்.

"இல்லீங்க" என்றார். "ரெண்டு நாளா உங்க ஸ்பீக்கரத் திட்டுனாங்க. இன்னைக்குத்தானுங்க எம் படத்தத் திட்டறாங்க." சொல்லிவிட்டு, கிளைமாக்ஸைக் குறை சொன்னவரைத் தேடி வேகமாக நடந்தார்.

இப்போது பூத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியாவது கீழே ஹாலில் உட்கார்ந்து கேளுங்கள் என்பதுதான். லேம்ப், சர்வர் எல்லாம் அப்புறம். படத்தைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்ற முதலாளியின் விதியையும் நான் இன்றுவரை மீறவில்லை. ஆனால் தோழிகள் யாராவது, "நேத்து ஒரு படம் பார்த்தேன்டி, ஒண்ணுமே புரியல" என்று போனில் தொடங்கினால் மட்டும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

"எந்தத் தியேட்டர்ல பார்த்த?" என்று கேட்கிறேன்.