"கரண்ட் போயிடுச்சு மேடம்"

எங்கள் மாடி வீட்டில் இருப்பவருக்குக் கட்டடம் முழுக்க 'உறை அக்கா' என்றுதான் பெயர். கண்ணில் பட்ட எதற்கும் அளவெடுத்து உறை தைத்துவிடுவார். மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்து ஒரு உறை.

"உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஆடாம உட்கார்ந்தா அவருக்கும் தைச்சிடுவீங்க" என்று கிண்டல் செய்வேன் நான்.

"அதுக்குப் பயந்துதான் மனுஷன் வீடு தங்க மாட்டேங்கிறார்" என்பார் அக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டார். திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது மாமியார் படுக்கையில் விழுந்தார். அவருக்குப் பிறகு மாமனார். மகன் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகுதான், ஐம்பதைத் தாண்டிய வயதில், வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் வேலை ஒன்று கிடைத்தது. முதல் மாதம் வெள்ளோட்டம். அது நன்றாகப் போனால் வேலை நிரந்தரம். அதை என்னிடம் சொல்ல, முட்டிவலிக்கார அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

மகன் தான் வைத்திருந்த பழைய லேப்டாப்பை அனுப்பிவைத்தான். வந்த அன்றே அதற்கும் சட்டை தயார். நீலப் பருத்தித் துணி, அடியில் மெத்தென்று பஞ்சு, திரையைத் திறக்க மட்டும் வழி. கழற்றவே வேண்டாம், அப்படியே வேலை பார்க்கலாம் என்று பெருமை வேறு.

கொஞ்ச நாளில் அது பாதி வகுப்பில் பட்டென்று அணைய ஆரம்பித்தது. நான் அதை நேரில் பார்த்தது ஒருமுறை, மாவுச் சல்லடை இரவல் வாங்க மாடிக்குப் போனபோது. திரை கருத்ததும் அக்கா உடனே போனை எடுத்து, வேலை கொடுத்த இடத்து மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க கரண்ட் போயிடுச்சு மேடம்."

அவர் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார்.

"எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருக்கீங்க?" அவர் போனை வைத்ததும் கேட்டேன்.

"அணையிறப்பெல்லாம் சொல்றேன். வேற என்ன சொல்ல?"

லேப்டாப்பை மறுபடி போடச் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே திரையில் 'ஃபேன் எரர்' என்று இங்கிலீஷில் வந்தது. அக்கா ஒரு பட்டனைத் தட்டி அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"என்னமோ வந்துச்சே?"

"அது தினம் வரும். தட்டினா போயிடும்."

"அக்கா, அது வணக்கமா சொல்லுது? உள்ள இருக்கிற ஃபேன் ஓடலைன்னு கத்துது. சூடு தாங்காமதான் அணையுது. முதல்ல இந்தப் பாவாடையைக் கழட்டுங்க."

கழற்றி அடியில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

கடைக்குக் கொண்டு போகலாம் என்றால், அங்கே நாள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள், வகுப்பு போய்விடும் என்று பயந்தார். பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டார். நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டேன், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அடித்தகட்டைத் திருகி எடுத்து இடுக்கியை உள்ளே விட்டார். காற்று போகும் வழி முழுக்கப் பஞ்சு. சின்ன ஃபேனின் இறக்கைகளில் நீல நூல் சுற்றிக் கிடந்தது.

"அக்கா, இதுல ஒரு தலையணை தைக்கலாம் போலிருக்கே!" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கடைக்காரர் நூலை உருவி, தூசியை ஊதி, சூட்டை வெளியே கடத்தும் பசையைப் புதுசாகத் தடவி மூடினார். போட்டுப் பார்த்தால் எரரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

வீட்டுக்கு வந்து அடுத்த வகுப்புக்குத் தயாரானபோது மேற்பார்வைக்காரியே கூப்பிட்டார். அக்கா தலை வாரிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. லேப்டாப்ல பேட்டரி இருக்குமே. கரண்ட் போனா எப்படி மேடம் உடனே அணையும்?"

அக்கா நிமிர்ந்து சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"மெஷின் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே ஒண்ணு அனுப்பியிருப்போம். பாடம் நல்லாத்தான் எடுக்குறீங்க. ஆனா பெத்தவங்ககிட்ட நானும் கரண்ட் கரண்ட்டுன்னே சொல்லி, ஒருத்தர் இதே கேள்வியை என்கிட்ட திருப்பிக் கேட்டுட்டார். என்னால அவர்கிட்ட முகம் காட்ட முடியலை. உங்க வகுப்பை வேற டீச்சருக்கு மாத்திட்டோம்."

"இப்ப சரி பண்ணிட்டேன் மேடம். இனிமே அணையாது" என்றார் அக்கா. குரல் பள்ளிக்கூடப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"மாத்தினது மாத்தினதுதான் மேடம். மன்னிச்சுக்குங்க."

போன் வைத்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையைச் சொல்றதுக்கு என்னக்கா கேடு?"

"என் பையன் முதல் முதலா எனக்குன்னு அனுப்பினதும்மா. அதை ஓட்டைன்னு ஊரான்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அவனா அங்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தான்?"

"இல்லைதான்." நீலச் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஓட்டையும் இல்லையே. நல்ல பொருள்தான். நான்தான் துணியைச் சுத்திக் கெடுத்து, அதை மறைக்கப் பொய்யும் சொல்லியிருக்கேன்."

திட்ட வாயெடுத்தவள் நான். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வகுப்பு நேரம் வந்தது, போனது. லேப்டாப் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"நேத்து ஒரு பொண்ணு கேட்டா" என்றார் அக்கா. "'அரையைக் காலால வகுத்தா ரெண்டு வருது. வகுத்தா குறையத்தானே டீச்சர் செய்யணும், ஏன் கூடுது?'ன்னு. நல்ல கேள்வி. வாயைத் திறக்கிறேன், அணைஞ்சிடுச்சு."

"புது டீச்சர் சொல்லிக் குடுப்பாங்க."

"தலைகீழாப் போட்டுப் பெருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. காரணம் யார் சொல்றா?"

எனக்குக் கணக்கென்றாலே தலைவலி. இருந்தாலும் கேட்டேன், "ஏன்க்கா கூடுது?"

அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பாதி ஆரஞ்சுப்பழம் இருக்கு. ஆளுக்குக் கால் பழம் குடுத்தா எத்தனை பேருக்கு வரும்?"

"ரெண்டு பேருக்கு."

"அவ்வளவுதாம்மா. அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூடப் பிடிச்சிருக்காது."