கைப்பையில் இருந்த நீல அட்டை

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தபோது, குடியுரிமை விண்ணப்பம் எழுத அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வருவார்கள். தையல்காரர், நகைக்கடைக்காரர், செம்பவாங்கில் கப்பல் பட்டறைக்குப் போய்வந்தவர் என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே இந்திய பாஸ்போர்ட்தான். சோம்பேறித்தனம் பாதி. அதைக் கொடுத்துவிட்டால் அம்மாவின் வீட்டுக்கே நான் வெளியாள் ஆகிவிடுவேனோ என்ற பயம் மீதி.

வேடிக்கை என்னவென்றால், உயர்நிலைப் பள்ளியில் குடிமைப் பாடம் எடுத்ததே நான்தான். காலையில் கொடியேற்றி, வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லும்போது யாராவது முணுமுணுத்தால் எனக்குப் பொறுக்காது. திட்ட மாட்டேன், காதோரம் கையைக் குவித்துக்கொண்டு நிற்பேன். கேட்கவில்லை, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் மனத்துக்குள் என்னைச் சபித்திருப்பார்கள். எனக்கோ அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

ஒருநாள் ஐசி என்கிற அடையாள அட்டை பற்றிய பாடம். பிள்ளைகள் தங்கள் புது அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் இளஞ்சிவப்பு, குடிமக்களுக்கு உரிய நிறம். முன்வரிசையில் செம்பவாங்காரரின் மகள்; அம்மா இங்கே குடிமகள் என்பதால் அவள் கையிலும் அதே நிறம். போன மாதம்தான் அவள் அப்பாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"உங்க ஐசியையும் காட்டுங்க, டீச்சர்" என்றாள்.

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்மா."

"எப்பவும் கையில இருக்கணும்னு இப்பதானே சொன்னீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். அட்டை என் கைப்பையில்தான் இருந்தது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் நீல நிறத்தில். அன்று முழுக்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி எந்த முகத்தோடு உறுதிமொழியை முன்னின்று சொல்லிக்கொடுப்பது?

சாயங்காலம் விண்ணப்பத்தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு யாருக்கு எழுதுற?" என்றார் கணவர்.

"எனக்குத்தான்."

அவர் உள்ளே போய், இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

மறுநாள் வகுப்பில் கைப்பையைத் திறந்து நீல அட்டையைக் காட்டினேன். "நேத்து நான் பொய் சொல்லிட்டேன். இன்னும் எனக்குக் குடியுரிமை இல்ல. இப்பதான் விண்ணப்பம் போட்டிருக்கேன்." யாரும் சிரிக்கவில்லை.

"கிடைச்சுடும்லா, டீச்சர்" என்றாள் அந்தப் பெண். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பல மாதம் கழித்து, விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி அழைப்பு வந்தது. ஒரு சமூக மன்றம், வரிசை வரிசையாய் நாற்காலிகள். அதே நாளில் செம்பவாங்காரருக்கும் அழைப்பு. மகளும் கூட வந்து சுவரோரம் நின்றிருந்தாள். வலக்கையை உயர்த்தி, அதிகாரி சொல்வதை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் வரியிலேயே எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தேன்.

சுவரோரம் நின்ற அந்தப் பெண், காதோரம் கையைக் குவித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இரண்டாம் வரிக்குப் போய்விட்டார். நான் மட்டும் முதல் வரியைச் சத்தமாகச் சொன்னேன்.