அறுப்புக்குப் பின்னும் சிவந்திருந்த குளம்

கொட்டாரத்துப் பக்கத்து நிலத்தை முதன்முதலில் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தபோது என் மச்சினன் சிரித்தேவிட்டான். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் விரித்திருந்த அந்தப் படத்தில், எங்கள் பச்சை வயலெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. "என்ன அத்தான், நாஞ்சில் நாட்டு மேலயே வெத்தலை போட்டுத் துப்பின மாதிரில்லா இருக்கு" என்றான்.

என் மனைவியின் தம்பி அவன். கல்லூரியில் புவியியல் ஆசிரியர். நான் நீர்நிலை வரைபடம் தயாரிக்கும் பிரிவில் பொறியாளர். குளங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வுப் பணிக்காக இருவரும் ஒரே பயிற்சிக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இலை சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் பதியும் என்று கற்றுவந்தோம். எங்கள் குளங்களிலோ தண்ணீரே தெரியாது. தோவாளைச் சந்தைக்குப் போகும் தாமரை கரைக்குக் கரை இலைவிரித்துக் கிடக்கும். வானிலிருந்து பார்த்தால் அதுவும் சிவப்புத்தான். எங்கள் ஊர்ப் பெரிய குளத்தை நான் வயல் என்று குறித்துவைத்தேன். அதுவரை அது வெறும் பிழை.

கும்பப்பூப் பருவத்து நெல் அறுப்பு முடிந்தபின் எடுத்த படத்தை மச்சினன் கொண்டுவந்தான். வயல்கள் வெளுத்திருந்தன. குளம் மட்டும் அதே சிவப்பு. "அறுத்த வயல்ல பயிரு நிக்குமா அத்தான்? இது கொளமாக்கும். மாத்துங்க."

நான் மாற்றவில்லை. குளத்தின் மேற்குப் பாதியை நிரப்பிக் கடை கட்ட நினைத்தவர்களுக்கு என் வரைபடம் வசதியாக இருந்தது. மேலதிகாரி கையெழுத்துக் கேட்டார். யாரும் என்னை மிரட்டவில்லை. பதவி உயர்வு பக்கத்தில் வந்திருந்தது, தெரிந்தே போட்டேன். மச்சினன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இரண்டு படங்களையும் உயர்த்திக் காட்டி, வரைபடம் பொய் என்றான். பொய் சொன்னவர் தன் அக்காவின் புருஷன்தான் என்பதையும் அவன் மறைக்கவில்லை. அவனை ஆய்வுப் பணியிலிருந்து நீக்கினார்கள். நான் வாய் திறக்கவில்லை. மேற்குப் பாதி மண்ணாயிற்று. அதன்பின் அவன் என்னோடு பேசியதில்லை.

இப்போது கிழக்குப் பாதியையும் கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் என் பழைய வரைபடம். பழைய செயற்கைக்கோள் படங்களை இன்று யார் வேண்டுமானாலும் கணினியில் எடுக்கலாம். அறுப்புக்குப் பின் எடுத்த படங்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். எல்லாவற்றிலும் வெளுத்த வயல்களின் நடுவே சிவந்த குளம்.

"அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

"பதவிய வச்சிருந்தேன்" என்றேன்.

இதைப் பதிவுசெய்தால் என்மீதே நடவடிக்கை வரலாம் என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி தணிந்த குரலில் எச்சரித்தார். வரட்டும். பயந்து காப்பாற்றிய பெயரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்து பார்த்தாயிற்று.

"எழுதிக்கிடுங்க. அது வயலில்ல, கொளம். தெரிஞ்சேதான் மாத்தாம கையெழுத்துப் போட்டேன்."

மச்சினன் முன்வரிசையில் இருந்தான். என் பக்கம் திரும்பாமலே அதிகாரியிடம் சொன்னான்: "மேக்குப் பாதியையும் சொல்லச் சொல்லுங்க சார்."

கடைகள் நிற்கும் இடமும் குளம்தான் என்று சொன்னேன். கடைக்காரர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் ஓயும்வரை நின்று, மறுபடியும் சொன்னேன்.