கண்ணாடி நடுவில் ஒரு மேடு

அசையாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கான தொழில் இது. எனக்கோ ஓரிடத்தில் கால் நிற்காது. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில், வளைந்த கண்ணாடிகளின் வடிவத்தை லேசர் ஒளியால் அளக்கிறேன். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பவிட்டு மறுபடி சேர்த்தால், திரையில் கறுப்புக் கோடுகள் விழும். கோடு நேரென்றால் கண்ணாடி சரி. நெளிந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. அளந்து பிழைக்கும் சக பாவிகளே, இந்த நிம்மதியில்லாப் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா!

லொறி வந்த நேரம்

கொஸ்லந்த பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாஸ்டர் ஒருவர், பிள்ளைகளோடு சேர்ந்து கையாலேயே தேய்த்த தொலைநோக்கிக் கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மறுநாள் காலை, ஒளியைத் திருப்பும் அலுமினியப் பூச்சுப் போட கொழும்புக்கு வேன் போகிறது. அதற்குள் நான் சரியா பிழையா என்று சொல்லவேண்டும். பிழையென்றால் பிள்ளைகளின் ஒரு வருஷப் பாடு வீண்.

கருவியில் வைத்தால் கோடுகள் ஒரே ஆட்டம். எதிர்க் கடையில் லொறியிலிருந்து சீமெந்து மூட்டை இறக்குகிறார்கள். ஓடிப்போய்க் கத்தினேன். கடைக்கார நானா நிதானமாகச் சொன்னார்: "தங்கச்சி, ஒங்கட கோடு ஆடுதுன்னு நான் யாவாரத்த நிப்பாட்டவா?"

மூச்சு

லொறி போனதும் கோடுகள் நின்றன. உடனே மறுபடி நெளிந்தன. திரும்பினால், மாஸ்டர் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய உடம்புச் சூடும் மூச்சும் பட்டு, ஒளி போகும் வழியில் காற்று கலங்குகிறது. "தள்ளி நில்லுங்க மாஸ்டர்!" என்றேன், எரிச்சலாகத்தான். கதவுவரை போனவர் கேட்டார்: "இங்க நின்னா மூச்சு விடலாங்களா மிஸ்?"

மேடு

ஒருவழியாகக் கோடுகள் அடங்கின. எல்லாம் நேர்; நடுவில் மட்டும் ஒரு புடைப்பு. சொன்னதும் மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனசு கேட்காமல் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மெல்லிய மஞ்சள் படலம்!

புதுசாக எது வந்தாலும் பொட்டு வைத்துத்தானே அனுப்புவோம்? பிள்ளைகள் கண்ணாடி நடுவில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அது கம்பளியில் ஒட்டிக் கலைய, இவர் கைக்குட்டையால் துடைத்திருக்கிறார். ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, அதில் குளிர்ந்துபோன கண்ணாடி பழைய சூட்டுக்கு வரும்வரை அறைக்குள் நடந்து தீர்த்தேன். பிறகு பார்த்தால் கோடெல்லாம் நேர். எனக்கே அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் பிள்ளைகளுக்கு போன் போட்டார். ஆரவாரத்துக்கு நடுவில் ஒரு சிறுமி, "சேர், நாங்க வச்ச பொட்டு அழியலையே?" என்றாள். அவர் என்னைப் பார்த்து முழித்தார். சட்டென்று தன் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டு, கண்ணாடியின் ஒளி படாத முதுகில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அழியல புள்ள, எடந்தான் மாறியிருக்கு!"

இப்போதெல்லாம் எந்தக் கண்ணாடி வந்தாலும் நான் லேசரைத் தொடுவதற்கு முன்னால், பொட்டு எந்தப் பக்கம் என்றுதான் விசாரிக்கிறேன்.