துணியில் குத்திய ஊசி

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் நர்சிங் பள்ளியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவள் அவள். வருஷா வருஷம் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவாள். பெண்களை வரிசையில் நிறுத்தித் தோள், இடுப்பு, கை நீளம் என்று அளவெடுப்பாள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே, "மூச்ச இழுத்துப் புடிக்காதம்மா, அப்புறம் சாப்பிட உக்காந்தா பட்டன் தெறிக்கும்" என்று வாய் ஓயாமல் பேசவும் செய்வாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தப் பெண்கள் வார்டுக்குள் போய் என்னதான் செய்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஆசை புதிதல்ல. பள்ளிப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்தவள், நர்ஸுக்குப் படிக்கிறேன் என்றாள். "ராத்திரி டூட்டி பாக்கற பொண்ண எவன் கட்டுவான்?" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கடைசியில் கட்டியவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு ராத்திரி டூட்டிதான். இதை நினைத்து அவள் சிரித்ததும் உண்டு, வயிறெரிந்ததும் உண்டு.

ஒரு வருஷம் அளவெடுக்கப் போனபோது, சேர்க்கைக்கான வயது வரம்பைத் தளர்த்தியிருப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இதை மட்டும் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "நாப்பது வயசுக்காரங்க சேரலாமா சார்?" என்றாள்.

"யாருக்கு, உங்க பொண்ணுக்கா?" என்றார் கிளார்க்.

"எம் பொண்ணுக்கு நாப்பதுன்னா எனக்கு என்ன வயசு சார்?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிளார்க்குகளுக்கு இப்படி ஒன்று அவ்வப்போது வேண்டியதுதான்.

வீட்டில் சொன்னாள். கணவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "ஊசிதானே? துணியில குத்தறதும் ஊசிதான், தோல்ல குத்தறதும் ஊசிதான். போயிட்டு வா" என்றார். அவர் அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், அவ்வளவு லேசில் விடவில்லை. "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாடி? சின்னப் பொண்ணுங்க நடுவுல போய் உக்காந்து ஊர் சிரிக்க வைக்கப் போற" என்றாள். "எனக்கு அம்பதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் இருக்கு அண்ணி" என்று இவளும் பதில் சொன்னாள். சொன்னாளே தவிர, அந்தப் பழமொழி நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

வகுப்பில் அவளுக்குத் 'தையலக்கா' என்று பெயர் வந்தது. எலும்புகளின் பெயரைப் பாடம் செய்வதற்குள் அவளுக்கு எலும்பே தேய்ந்துபோனது. படித்தது காலையில் நிற்கும், மத்தியானம் ஓடிவிடும். அதையும் எழுதி எழுதிப் பார்த்துச் சமாளித்துவிட்டாள். மூளை எப்படியோ வளைந்தது. வளையாதது கைதான்.

தையல்காரிக்கு ஊசியைக் கீழே வைக்கிற பழக்கம் கிடையாது. வைத்தால் தொலையும், தொலைந்தால் யார் காலிலாவது ஏறும். அதனால் வேறு வேலைக்குக் கை வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கும் துணியில் ஊசியைக் குத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். நர்ஸ் வேலையிலோ சட்டம் வேறு. நோயாளிக்குப் போட்ட ஊசி கையை விட்டுப் போகிற இடம் ஒன்றே ஒன்று, மஞ்சள் நிறக் கெட்டிப் பெட்டி. நடுவில் எங்கேயும் அது தங்கக் கூடாது.

பயிற்சி அறையில் ரப்பர் கைக்கு ஊசி போட்டுவிட்டு, சிரிஞ்சைத் தன் ஏப்ரன் தோளிலேயே குத்திக்கொண்டு பஞ்சை எடுத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சொல்லிக்கொடுத்த டியூட்டர் சிரிக்கவில்லை. அந்த அம்மா சத்தம் போடாத ரகம், அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். அடுத்த வாரம் தலையணையில் குத்தினாள். டியூட்டர் அவளைத் தனியாக அழைத்தார்.

"உங்களவிட எனக்கு ரெண்டு வயசு கம்மி. அதனால மரியாதையாவே சொல்றேன். இங்க இருக்கறது ரப்பர். வார்டுல இருக்கறது மனுஷங்க. அங்க ஒரு தடவை இப்படி நடந்தா, நான் பிரின்சிபால்கிட்ட ஒரே வார்த்தைதான் சொல்லுவேன். நீங்க தையல் கடைக்கே திரும்பிப் போயிடலாம்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு பேனாவைக் குத்துவதும் டப்பாவில் போடுவதுமாகப் பழகினாள். ஆனால் படிப்புக்கும் வீட்டுக்கும் சாயங்காலத் தையல் தேவைப்பட்டது. பகலில் டியூட்டர் அழித்ததைச் சாயங்காலம் மெஷின் திரும்ப எழுதிவைத்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

வார்டுக்கு அனுப்பினார்கள். முதல் சில வாரங்கள் ஒரு குறையுமில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் மனசுக்குள் 'பெட்டி, பெட்டி' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜபம் மாதிரி அது ஓடியது.

அன்று காலை ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. கல்லீரல் நோயாளி, ரத்தத்தில் தொற்றுக் கிருமி உள்ளவர் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். கையுறை போட்டு, பேச்சுக் கொடுத்து, வலிக்காமல் ஊசியை உருவினாள். "போட்டாச்சா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர், நேற்றுத்தான் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், கழிப்பறைக்குப் போகிறேன் என்று தானாக எழுந்து நின்றுவிட்டார். நின்றவர் கண் செருகிச் சாய்ந்தார். சலைன் ஸ்டாண்டும் கூடவே சாய்ந்தது.

அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைத் தாங்கிப் பிடித்தாள். எதிர்ப்புறத்திலிருந்து கூடப் படிக்கிற சின்னப்பெண் ஒருத்தி ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து படுக்க வைத்தார்கள். காயத்தின் கட்டு நனையவில்லை, நாடி சரியாக இருந்தது. ஆள் கண்ணைத் திறந்து, "விழலையே?" என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த நொடி அந்த மூச்சு நின்றது. கையில் சிரிஞ்ச் இல்லை.

டிரேயைப் பார்த்தாள், இல்லை. மஞ்சள் பெட்டி தள்ளுவண்டியில் அந்தப் பக்கம் இருந்தது, அவள் அதன் அருகிலேயே போகவில்லை. தன் தோளைத் தடவினாள், நெஞ்சைத் தடவினாள். தரையில் குனிந்து பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில் மொட்டையாக இருந்தது. இங்கே அமளி நடக்கும்போதே ஸ்கேனுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வார்டு ஆயா விரிப்பை உருவி மூட்டையில் போட்டிருக்கிறாள். மூட்டையும் சலவைக்குக் கீழே போய்விட்டது.

வராந்தாவில் நாற்காலியைப் பிடித்து நிறுத்தி, நோயாளியின் உடை முழுக்கப் பார்த்தாள். "என்னம்மா, ஜேப்படியா?" என்றார் அவர். அவர் மேல் எதுவும் இல்லை. அப்படியென்றால் மூட்டையில்தான்.

சின்னப்பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வாயத் தொறக்காதீங்க. டியூட்டர் டாக்டர்கூட பேசிட்டு இருக்காங்க. நான் சத்தம் போடாம கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன். கெடச்சா கெடச்சுது, இல்லேன்னா யாருக்குத் தெரியும்?" என்று காதோடு சொன்னாள்.

நல்ல மனசோடு சொன்னதுதான். தையலக்காவுக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது, அதை மறைப்பானேன். ஆனால் கீழே ஒரு ஜோடிக் கை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும். இந்தச் சின்னப்பெண் போய்ச் சேர்வதற்குள் பிரித்தும் முடித்திருக்கும். சலவைக்குப் போன் பண்ணினால் உடனே நிறுத்தலாம். வார்டில் இருக்கும் ஒரே போன் டியூட்டர் நின்றுகொண்டிருந்த மேஜைமேல் இருந்தது.

நேராகப் போனாள். "மேடம், போட்ட ஊசிய நான் விரிப்புல குத்திட்டேன். மூட்டை கீழ போயிடுச்சு. சலவைக்குப் போன் பண்ணணும்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

டியூட்டர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. "மெஷின் ஓடும்போது அவங்களுக்குக் கேக்காது" என்று ஆயா சொல்லி முடிப்பதற்குள் இவள் படியில் இருந்தாள்.

நர்ஸ் ஓடக் கூடாது என்பது முதல் பாடம். அவள் ஓடினாள். நாற்பது வயது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை திட்டியது. பின்னால் டியூட்டரின் செருப்புச் சத்தமும், "இதோட முடிஞ்சுது, புரியுதா? இதோட முடிஞ்சுது" என்ற குரலும் கூடவே இறங்கின. புரியாமல் என்ன? எல்லாம் புரிந்தது. தெருவில் யூனிஃபார்மோடு நடந்து போவதும், நாத்தனார் "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று வாசலில் நிற்பதும்கூட அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

சலவைக்கூடத்தில் வெந்நீர் ஆவி, சோடா நெடி, காதடைக்கும் இரைச்சல். நீள மேஜையில் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. சலவைக்காரம்மா முழங்கை வரை உள்ளே விட்டுத் துணியை அள்ளிக்கொண்டிருந்தாள், வெறுங்கையோடு. "நிறுத்துங்க!" என்று இவள் கத்தியது இவளுக்கே கேட்கவில்லை. பாய்ந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டாள்.

"அடி ஆத்தீ! யாரும்மா நீ, கையப் புடிச்சு இழுக்கற?"

"ஊசி! உள்ள ஊசி இருக்கு!"

மெஷினை அணைத்தார்கள். திடீரென்று வந்த அமைதியில் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. "யாரும் தொடாதீங்க, நானே பிரிக்கறேன்" என்றாள் தையலக்கா. யூனிஃபார்ம் பையிலிருந்த புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். உள்ளே கையை விடாமல், விளிம்பை மட்டும் பிடித்து ஒவ்வொரு துணியாகத் தூக்கி, வெளிச்சத்தில் விரித்துத் தரையில் பரப்பினாள். ஒன்று. இல்லை. இன்னொன்று. இல்லை. அடுத்ததில் ரத்தக் கறை, அது வேறு யாருடையதோ. டியூட்டர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மேஜையில் துணி குறையக் குறைய, ஊசி வேறெங்கோ இருக்கிறது, வேறு யாரோ அதன் மேல் உட்காரப் போகிறார்கள் என்ற பயம் அவளுக்கு ஏறிக்கொண்டே போனது.

கிட்டத்தட்ட அடியில் இருந்தது. விரிப்பின் மடிப்புத் தையலில் ஊசி ஒரு பக்கம் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, முனை வெளியே தெரியாமல் துணிக்குள் முடிந்திருந்தது. ஓடிப் போய் ஆளைப் பிடித்த அந்த அரை நொடியில், ஒற்றைக் கையால், கடையில் வைத்திருப்பதைவிடச் சுத்தமாகக் குத்தி வைத்திருந்தாள். தன் கை வேலையைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. மெல்ல உருவினாள். திரும்பினால் டியூட்டர் மஞ்சள் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து அதைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். ஊசி பெட்டிக்குள் விழுந்து 'டக்' என்றது.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சலவைக்காரம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கயாவது குத்திச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா." அடக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

"அட, இன்னைக்கு இல்லம்மா. ஏன் அழற?" என்றாள் சலவைக்காரம்மா. "முன்னாடி குத்தியிருக்கு. ரெண்டு மூணு தடவ."

டியூட்டரின் முகம் மாறியது. "எப்ப? யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டன்னு போய்ச் சொல்ல? எந்த வார்டு ஊசின்னு எனக்கு எப்படித் தெரியும்? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேலையப் பாத்தேன். ஊசியக் காணோமேன்னு மேலேர்ந்து ஒருத்தரும் எறங்கி வந்து நான் பாத்ததில்ல." தையலக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இந்தம்மாதான் மொதல்ல."

டியூட்டர் மஞ்சள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்க இப்பவே என்கூட மேல வாங்க. ரத்தம் எடுத்துப் பாக்கணும். கையுறை இல்லாம இனிமே மூட்டையத் தொடக் கூடாது, நான் பேசறேன்" என்றார். அவர் குரல் கரகரத்தது. அதை அந்தப் பள்ளியில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

சலவைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தன் ரத்தத்தைவிட வேறொன்று முக்கியமாகப் பட்டது. டியூட்டரின் முகத்தையும் இவள் அழுத அழுகையையும் பார்த்தே அவள் விஷயத்தை ஊகித்திருக்க வேண்டும்.

"இந்தம்மாவ அனுப்பிடுவீங்களா மேடம்? இல்ல, நாளைக்கும் வார்டுல இருப்பாங்களா?"

டியூட்டர் தையலக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"இருப்பாங்க" என்றார். "மொத நாள் பாடத்துலேர்ந்து, மறுபடி."